பின்சக்கரத்துக்கும் டிஸ்க்

மலேசியா என்று நாட்டுக்குப் புதுப்பெயர் வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. டிசம்பர் மழையில் குருபோங் சாலையில் சக்கரம் பாதி முங்கும் அளவுக்குத் தண்ணீர். அதைக் கடந்துதான் பாக்கியலட்சுமி ஒரு பிரசவம் பார்க்கப் போனார். பிரசவம் பார்க்கும் நர்ஸான அவர் சுற்றுவட்டாரத்தில் எல்லாருக்கும் மிசி. யார் வீட்டில் வலி கண்டாலும் தன் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

வீடு மேட்டில் இருந்தது. சரிவில் காரை நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு, பையோடு உள்ளே ஓடினார். கை கழுவி முடிப்பதற்குள் வெளியே பெரிய சத்தம். கார் தானாகப் பின்னால் உருண்டு, கோழிக்கூண்டை நொறுக்கி, ரம்புத்தான் மரத்தில் முட்டி நின்றது. அந்த இடத்தில் விளையாடிக்கொண்டிருந்த வீட்டுக்காரரின் மூத்த பிள்ளையை அப்போதுதான் உள்ளே அழைத்திருந்தார்கள்.

"பரவால்ல மிசி, பையன் உள்ளதான் இருக்கான். நீங்க அவளப் பாருங்க" என்றார் வீட்டுக்காரர்.

பெண்குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. ஆனால் பாக்கியலட்சுமி அன்று வாடகை வண்டியில்தான் வீடு திரும்பினார். காரை காஜா பெராங்கில் உள்ள யூசுப்பின் பட்டறைக்கு இழுத்து வந்தார்கள்.

"சரி பண்ணி யாருக்காவது வித்துடுங்க, யூசுப் அண்ணே. அந்தப் பையன் வெளிய இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்? நான் இனிமே ஓட்டல."

யூசுப் பின்சக்கரத்தைக் கழற்றிக் காட்டினார். மூடிய பிரேக் டிரம்முக்குள் இன்னும் ஈரம். "ஹேண்ட்பிரேக் பின்சக்கரத்தத்தான் பிடிக்கும். இதுக்குள்ள தண்ணி பூந்தா, உரசிப் பிடிக்கிற ஷூ வழுக்கும், மிசி. கியர்ல போட்டு நிறுத்தியிருந்தா நின்னிருக்கும்."

"அவசரத்துல போடல. ஆனா தண்ணியத் தாண்டி வர்றப்ப கால் பிரேக் நல்லாத்தானே பிடிச்சுது?"

"முன்னால டிஸ்க். அது வெளிய சுத்துற தட்டு, தண்ணி நிக்காது. வாங்கும்போதே அப்படித்தான் வந்துச்சு."

"அப்ப பின்னாலயும் அதையே போட்டா?"

யூசுப் சிரிக்கவில்லை. அப்படி மாற்றிய யாரையும் அவருக்குத் தெரியாது. ஆனால் பத்து பெரெண்டாம் என்ற ஊரில் பழைய இரும்புக் கடையில் முன்பக்கம் நசுங்கிய பெரிய கார் ஒன்று கிடந்ததைப் பார்த்திருந்தார். அதற்கு நாலு சக்கரத்திலும் டிஸ்க். பின்னால் ஹேண்ட்பிரேக்குக்கென்று தட்டைப் பிடிக்கும் சின்னக் கவ்வி ஒன்றும் தனியாக உண்டு.

"ரெண்டு வாரம் குடுங்க. சரியா வரலன்னா வித்துடுவோம்" என்றார்.

இரும்புக் கடையிலிருந்து வாங்கி வந்த டிஸ்க் தட்டுகள் மிசி காரின் அச்சில் உட்காரவில்லை. லேத் பட்டறை ராஜரத்தினம் நடுத்துளையைக் கடைந்து கொடுத்தார். கவ்வியைத் தாங்கத் தடித்த இரும்புத் தகட்டை யூசுப்பே வெட்டினார். முதல் தகடு கோணலாகப் போனது. மூன்றாவதுதான் பொருந்தியது. ஹேண்ட்பிரேக் கம்பியையும் புதிதாக இழுத்துக் கட்டினார்.

சொன்ன நாளில் பாக்கியலட்சுமி வந்தார். யூசுப் காரைத் தெருவில் இரண்டு சுற்று ஓட்டிக்கொண்டு வந்தபோது பின்னாலிருந்து தீய்ந்த வாடை அடித்தது. சக்கரத்தைத் தொட முடியவில்லை.

"பெடல விட்டாலும் பிடிச்சுக்கிட்டே இருக்கு. கம்பிய தளர்த்தியும் பாத்துட்டேன். என்னால ஆகாது, மிசி. பழைய டிரம்மையே மாட்டிடுறேன்" என்று அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

பாக்கியலட்சுமி குனிந்து, பின்பக்கம் ஓடிய பிரேக் எண்ணெய்க் குழாயைக் கண்ணாலேயே தொடர்ந்தார். "ரத்த அழுத்தம் பாக்குறப்ப கையில பட்டை சுத்துவேன்ல, அண்ணே. வால்வ முழுசாத் திறக்கலன்னா கொஞ்சம் காத்து உள்ளயே நின்னுடும். பட்டை இறுக்கிக்கிட்டே இருக்கும். இதுல அப்படி ஏதாச்சும் இருக்கா?"

யூசுப் மறுபடி காருக்கடியில் போனார். வெளியே வந்தபோது அவர் உள்ளங்கையில் சுண்டுவிரல் நுனியளவு வால்வு ஒன்று இருந்தது. "டிரம்முக்காக வச்சது. எப்பவும் கொஞ்சம் அழுத்தத்த உள்ள நிறுத்தி வைக்கும். டிஸ்க்குக்கு இது வேணாம். நான் இத மறந்தே போனேன்" என்றார். கூச்சமும் சந்தோஷமும் அவர் குரலில் சேர்ந்து வந்தன.

மறுநாள் காலை யூசுப் காலியான சாலையில் பல முறை வேகமாகப் போய் நிறுத்திப் பார்த்தார். பெடலை விட்ட பிறகு பின்சக்கரம் பிடித்துக்கொள்ளவில்லை, சூடேறவுமில்லை. பிறகு பாக்கியலட்சுமியை ஓட்டச் சொன்னார். அவர் சாவியை வாங்கிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். ஆற்றோரம் தேங்கிய தண்ணீரில் இறங்கி ஏறி, நேராக புக்கிட் சீனா குன்றின் சரிவில் மேல்நோக்கிக் கொண்டுபோய் நிறுத்தி, நியூட்ரலில் விட்டு ஹேண்ட்பிரேக்கை இழுத்தார்.

இருவரும் இறங்கினார்கள். முன்பக்கம் போய் யூசுப் பலங்கொண்ட மட்டும் தள்ளினார். கார் அசையவில்லை. பாக்கியலட்சுமியும் சேர்ந்து தள்ளினார். அப்போதும் அசையவில்லை. பல நாளுக்குப் பிறகு அவர் சிரித்தார்.

"இருந்தாலும் கியர்ல போட்டே நிறுத்துங்க" என்றார் யூசுப்.

"போடுவேன், அண்ணே."

பட்டறைக்குத் திரும்பியபோது செமாபோக்கிலிருந்து ஒருவர் சைக்கிளில் வந்து காத்திருந்தார். மனைவிக்கு விடியற்காலையிலிருந்து வலி, தலைப்பிரசவம். அங்கேயும் வழியில் தண்ணீர்தான் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"சைக்கிள் இங்கயே இருக்கட்டும். ஏறுங்க" என்று பாக்கியலட்சுமி பின்கதவைத் திறந்துவிட்டார்.

கார் தெருமுனை திரும்பும்வரை யூசுப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு பசியாறப் போனார்.