பல்விந்தரின் பெயரில்

தொட்டி நிரம்பித் தண்ணீர் காலில் பட்டபோதுதான் தர்மிளா திரும்பிப் பார்த்தாள். குழாய் திறந்தபடி ஓடிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே, கழுவாத சாம்பார் அண்டாவுக்கும் சுவருக்கும் நடுவில், குர்சரண் முழங்காலை வயிற்றோடு மடக்கிச் சுருண்டு கிடந்தான். வெள்ளைத் தலைப்பாகை அவிழவில்லை. உதடு வெளுத்திருந்தது.

மூன்று நாளாக அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் பாத்திரம் கழுவினான். கேட்டபோதெல்லாம் "ஒண்டுமில்லை அக்கா, காத்து" என்றான். அவனுடைய தமிழ் முழுவதும் அந்த அடுப்படியில் பொறுக்கியது. வலி என்ற சொல்லை அவன் பொறுக்கவேயில்லை.

அவள் போட்ட சத்தத்தில் முதலாளி ஸ்ரீஸ்கந்தராசா மேலேயிருந்து இறங்கி ஓடிவந்தார். பாரிசின் ஃபொபூர் சேன்-தெனி வீதியின் மேல் முனையில் இருபது வருடமாகச் சைவ உணவகம் நடத்துகிறவர். குனிந்து பார்த்தார், ஆசுபத்திரிக்கு ஏற்றிப்போகும் பொம்பியருக்குப் போன் அடித்தார், பிறகு மேசை லாச்சியைத் திறந்து ஒரு வதிவிட அட்டையை எடுத்துவந்து தர்மிளாவின் கையில் வைத்தார்.

"நீ கூடப் போ பிள்ளை. பேர் பல்விந்தர் சிங். நாப்பத்தாறு வயது. விளங்குதோ?"

"ஓம் அண்ணை."

"வேறை ஒரு பேரும் உன்ரை வாயிலை வரக்கூடாது."

அட்டை குர்சரணின் பெரியப்பா மகனுடையது. லா கூர்நவில் இருக்கிறான். குர்சரணுக்கு விசா இல்லை. அதனால் நான்கு வருடமாக அவன் பல்விந்தரின் பெயரில் வேலை செய்தான். அட்டைப் படத்தில் தாடிக்காரன் ஒருவனின் முகம் இருந்தது. தாடிக்கு மேலே யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. தர்மிளாவுக்கு இதெல்லாம் புதிதில்லை. அவளே வந்த புதிதில் மூன்று வருடம் மச்சாள் சாரதாதேவியின் பெயரில் இதே அடுப்படியில் தோசை சுட்டவள்.

குர்சரணை வேலைக்குச் சேர்த்துவிட்டதும் அவள்தான். வேலை தேடி வருகிறவர்கள் எத்தனை மணி நேரம், எப்போது லீவு என்றுதான் கேட்பார்கள். வாசலில் நின்ற இந்த வெள்ளை உடுப்புக்காரன், "இந்த அடுப்படிக்குள்ளே இறைச்சி வருமா?" என்று அரைகுறை பிரெஞ்சில் கேட்டான். வராது என்றதும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்துவிட்டான்.

அவன் நாம்தாரி. சீக்கியர்களுக்குள்ளே ஒரு தனிப் பிரிவு. லூதியானாவுக்குப் பக்கத்தில் பைணி சாகிப் என்ற ஊர் அவர்களுக்குப் புனிதமான இடம். அங்கேதான் பிறந்து வளர்ந்தான். வெங்காயம் உரிக்கிற நேரங்களில் அதைப் பற்றிச் சொல்லுவான். அங்கே ஆணும் பெண்ணும் வெள்ளைதான் உடுப்பார்களாம். ஒரு கூடத்தில் ஆட்கள் முறை வைத்து, இரவுபகல் விடாமல், வெள்ளைக் கம்பளி நூலில் முடிச்சிட்ட மாலையை உருட்டிக்கொண்டு நாமம் சொல்லுவார்களாம். கலியாணங்கள் வரிசையாக ஒரே பந்தலில், நகையும் சீதனமும் இல்லாமல் நடக்குமாம். "உங்கடை ஊரிலை பொம்பிளைப் பிள்ளையைப் பெத்தவைக்கு நல்ல நித்திரை வரும்" என்று தர்மிளா ஒருநாள் சொன்னாள். அவனுக்கு அது விளங்கவில்லை. அவள் விளக்கவும் இல்லை.

பொம்பியர்கள் அவனை ஏற்றிக்கொண்டு போன ஆசுபத்திரி இரண்டு வீதி தள்ளித்தான் இருந்தது. தர்மிளா ஏப்ரனோடு பின்னால் ஓடினாள்.

அவசரப் பிரிவில் அட்டையை வாங்கிய தாதியின் மார்பில் ரோசாலி என்று எழுதியிருந்தது. புதுச்சேரிக்காரி, ஐம்பதைத் தாண்டியவள், கழுத்தில் சிறிய சிலுவை. தர்மிளாவின் முகத்தைப் பார்த்ததும் தமிழுக்கு மாறிவிட்டாள்.

"குடல்வால் வெடிச்சிருக்கும்னு டாக்டர் நினைக்கிறாரு மதாம். ஸ்கேன் எடுக்கறாங்க. உடனே ஆப்பரேஷன். நீங்க என்ன உறவு?"

"கூட வேலை செய்யிறம்."

ரோசாலி திரையைப் பார்த்துக்கொண்டே தட்டினாள். "அவரோட பழைய ரிப்போர்ட்டெல்லாம் தோசியேயில இருக்கு. போன பிப்ரவரியில நிமோனியான்னு வந்திருக்காரு. கிட்னி கொஞ்சம் மோசம்னு போட்டிருக்கு." நிமிர்ந்தாள். "நாப்பத்தாறா? ஆளைப் பார்த்தா முப்பதுதான் மதிக்கலாம்."

"அவையள் இறைச்சி சாப்பிடுறேல்லை" என்றாள் தர்மிளா.

"சரி. ஆன்டிபயாட்டிக் ஏத்தப் போறோம். அமொக்சிசிலின்."

அந்தப் பெயர் தர்மிளாவுக்குத் தெரியும்.

இரண்டு வருடத்துக்கு முன் அவளுக்குப் பல் வீங்கியிருந்தபோது அந்த மருந்துப் பெட்டியை அடுப்படித் தட்டில் வைத்திருந்தாள். அதன் பெயரை எழுத்துக் கூட்டி வாசித்த குர்சரண், பாம்பைக் கண்டவன்போல இரண்டடி பின்னால் போனான். பிறகு சொன்னான். பதினொரு வயதில் காய்ச்சலுக்கு ஊரில் அந்த இனத்து ஊசி ஒன்று போட்டார்களாம். தொண்டை அடைத்து, முகம் வீங்கி, மூச்சு நின்றுவிட்டதாம். பொதுப்பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கையைக் கூடக் கழுவாமல் அவனைக் கட்டிலோடு தூக்கி, டிராக்டரில் ஏற்றி லூதியானாவுக்குக் கொண்டு ஓடினார்களாம். "இன்னொருக்கா போட்டா, நான் முடிஞ்சுது அக்கா" என்றான்.

"அந்த மருந்து அவருக்கு ஒத்துவராது. சின்ன வயதிலை சாகப் பாத்தவர். பெனிசிலின் இனமே ஆகாது" என்றாள் தர்மிளா.

ரோசாலி மறுபடி திரையைப் பார்த்தாள். "பிப்ரவரியில இதே மருந்துதான் கொடுத்திருக்காங்க. ஆறு நாள். ஒண்ணும் ஆகலியே."

"இல்லை, ஆகாது. எனக்குச் சொன்னவர்."

"நீங்க வேற யாரையாவது நினைச்சுக்கிட்டுச் சொல்றீங்களோ என்னவோ. டாக்டர்கிட்ட சொல்றேன். ஆனா மத்த மருந்து கிட்னிக்குக் கெடுதி. இவருக்குக் கொடுக்க யோசிப்பாரு. ஏற்கெனவே ஒத்துக்கிட்ட மருந்து இருக்கையில, கூட வேலை செய்யிறவங்க சொன்னாங்கன்னு மாத்த மாட்டாரு."

அவள் உள்ளே போனாள். தர்மிளா நடையின் மூலைக்குப் போய் முதலாளிக்கு அடித்தாள்.

"சொல்லாதை" என்றார் அவர், அவள் முடிக்குமுன்பே. "அலெர்ஷி எண்டு மட்டும் சொல்லு."

"சொல்லிட்டன் அண்ணை. தோசியேயிலை வேறை மாதிரிக் கிடக்குது எண்டு நம்புகினம் இல்லை. அது பல்விந்தரின்ரை தோசியே. சிறுநீரகமும் பல்விந்தரின்ரை."

"தர்மிளா, கேள். ஆள் வேறை எண்டு தெரிஞ்சால் முதலிலை என்ரை கடைக்குத்தான் வருவாங்கள். பல்விந்தரின்ரை வதிவிடக் கார்த்தைப் பறிப்பாங்கள். அவனுக்கு ரெண்டு பிள்ளையள். உனக்கும் அடுத்த மாதம் பிரெஞ்சுக் குடியுரிமைக்கு நேர்காணல். உன்னை என்ன கேப்பாங்கள் எண்டு யோசிச்சனியோ? டொக்டர்மாருக்குத் தெரியும். நீ விடு."

அவள் யோசித்தாள். பதினேழு வருடம் சேர்த்த கடதாசிகள் வீட்டு அலுமாரியில் நீலக் கோப்பொன்றில் இருந்தன. கண்ணாடிக் கதவுக்கு அப்பால் ரோசாலி ஒரு மருந்துப் பையைக் கம்பியில் மாட்டுவது தெரிந்தது.

போனை வெட்டிவிட்டுக் கதவைத் தள்ளினாள். உள்ளே வரக்கூடாது என்று யாரோ பிரெஞ்சில் சொன்னார்கள். அவள் நேரே போய் ரோசாலியின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அக்கா, இது பல்விந்தர் இல்லை."

ரோசாலி கையை விடுவிக்கவில்லை. கட்டிலில் கண்மூடி முனகிக்கொண்டிருந்தவனைப் பார்த்தாள், பிறகு இவளை.

"அப்ப யாரு?"

"குர்சரண் சிங். அட்டை அண்ணன்காரன்ரை. பிப்ரவரியிலை வந்தது அண்ணன். இவன் இந்த ஆசுபத்திரிக்கு இண்டைக்குத்தான் முதல் தரம் வாறான்."

"பிறந்த தேதி?"

"தெரியாது."

"நீங்க சொல்றதை உறுதிப்படுத்த யாராவது இருக்காங்களா? இப்ப, இந்த நிமிஷம்?"

குர்சரணின் போன் உடைந்திருந்த ஒரு வாரம் அவன் தர்மிளாவின் போனிலிருந்துதான் தாயோடு பேசினான். அந்த இலக்கம் இன்னும் இருந்தது. பாரிசில் பதினொன்றரை, அங்கே மாலை நான்கு. மணி போய்க்கொண்டேயிருந்தது. வெட்டுப்பட்டது. திரும்ப அடித்தாள். இந்தமுறை எடுத்தார்கள்.

முதலில் கேட்டது இரைச்சல்தான். பாத்திரங்களின் சத்தம், ரொட்டி தட்டும் சத்தம், நிறையப் பெண்கள் சேர்ந்து எதையோ பாடும் குரல். ஊரின் பொதுச் சமையலறையாக இருக்கவேண்டும். தாய் பஞ்சாபியில் ஏதோ கேட்டாள். தர்மிளாவுக்கு ஒரு சொல்லும் தெரியாது. "குர்சரண்" என்றாள். "பெனிசிலின்" என்றாள். திரும்பத் திரும்ப அந்த இரண்டையுமே சொன்னாள்.

போன் கைமாறியது. இளம்பெண் குரல், ஆங்கிலம் பேசியது. தங்கை ஜஸ்பீர். ரோசாலி போனை வாங்கி, ஆசுபத்திரியிலிருந்து பேசுவதாகத் தன் தட்டுத்தடுமாறும் ஆங்கிலத்தில் சொல்லி, உன் அண்ணனுக்கு ஏதாவது மருந்து ஆகாதா என்று கேட்டாள். வேண்டுமென்றே மருந்தின் பெயரைச் சொல்லாமல் கேட்டாள்.

"பெனிசிலின்" என்றது குரல். "அந்த ஊசி போட்டுவிட்டீர்களா? போட்டுவிட்டீர்களா?"

"இல்லை. பிறந்த தேதி?"

சொன்னாள். ரோசாலி அதைக் கையுறையின் மேலேயே எழுதினாள். எழுதிக்கொண்டே மற்றக் கையால் கம்பியிலிருந்த பையைக் கழற்றினாள். அதற்குள் போனில் பாட்டு நின்றுவிட்டது. பிறகு பாத்திரச் சத்தமும் நின்றது.

"மதாம், நீங்க வெளிய போங்க. நான் டாக்டரைப் பார்க்கணும்" என்றாள் ரோசாலி. கதவு வரைக்கும் வந்து குரலைத் தாழ்த்தினாள். "நான் போலீஸ் இல்ல. ஆனா தோசியேயில உண்மையான பேரைத்தான் எழுதுவேன். ஒருத்தரோட உடம்பை இன்னொருத்தர் பேருல வச்சிருக்க முடியாது."

ஆப்பரேஷன் இரண்டே முக்கால் மணி நேரம் நடந்தது. ஜஸ்பீர் பத்து நிமிடத்துக்கு ஒரு செய்தி அனுப்பினாள். நாமம் சொல்லி முறை முடிந்தவர்கள் கூடத்தை விட்டு எழும்பவில்லை என்றாள். பள்ளிக்கூடப் பிள்ளைகளும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள் என்றாள். தர்மிளா எல்லாவற்றுக்கும் "இன்னும் முடியவில்லை" என்றே பதில் போட்டாள்.

அந்த நேரத்தில்தான் பல்விந்தர் வந்தான். சாமான் விநியோகிக்கும் வேலைக்காரன், நிறுவனச் சட்டையோடு வந்தான். முடி வெட்டியிருந்தான். முதலாளி அவனுக்கு அடித்துச் சொல்லியிருக்கவேண்டும். நேரே அவள் முன்னால் வந்து நின்றான்.

"சொல்லிவிட்டாயா?" பிரெஞ்சில் கேட்டான்.

"சொல்லிட்டன்."

"மார்ச்சில் என் கார்த் புதுப்பிக்கவேண்டும். உனக்குத் தெரியுமா? என் பிள்ளைகளின் பெயர் தெரியுமா உனக்கு?"

இன்னும் ஓரடி நெருங்கினான். அடிக்கப் போகிறான் என்று நினைத்து அவள் கைப்பையை நெஞ்சோடு அணைத்தாள். எதிரில் இருந்த கிழவர் எழும்பப் பார்த்தார். பல்விந்தர் சுவரில் உள்ளங்கையால் ஒருமுறை அறைந்தான். பிறகு அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தான். "பிழைப்பானா?" என்று கேட்டான்.

அவளுக்குத் தெரியவில்லை. அப்படியே சொன்னாள்.

பிழைத்தான். மருந்தை மாற்றி ஏற்றினார்கள். இரண்டு நாள் காய்ச்சல் விடவில்லை. மூன்றாம் நாள் தர்மிளா போனபோது கட்டிலைச் சுற்றி வெள்ளை உடுப்போடு மூன்று பேர் நின்றார்கள். புறநகரிலிருந்து வந்த அவனுடைய ஆட்கள். தாங்களே சமைத்த பருப்புத் தண்ணீரை மூடிப் பாத்திரத்தில் கொண்டுவந்திருந்தார்கள். ஊரிலிருந்து செய்தி வந்ததாம்.

அவர்கள் விலகியதும் குர்சரண் அவளைப் பார்த்தான். நன்றி சொல்லவில்லை.

"அண்ணா கார்த் போகுமா, அக்கா?"

"தெரியாது."

"அம்மாட்ட நான் சொந்தப் பேரில வேலை எண்டு சொன்னது. நாலு வருசம் பொய். இப்ப அண்ணா சொல்லி முழு ஊருக்கும் தெரியும்." முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். "நீ சொல்லாம விட்டா, நான் செத்தது. அதும் தெரியும். ஆனா வெக்கமா இருக்கு."

அவள் கட்டில் விளிம்பில் இருந்தாள். அவன் திரும்பும் வரைக்கும் எழும்பவில்லை.

தொழிற்சங்கப் பெண்ணொருத்தி பிறகு வழி சொன்னாள். பல்விந்தரின் பெயரில் நான்கு வருடம் வேலை செய்தது குர்சரண்தான் என்று முதலாளி ஒரு கடிதம் தந்தால், அதை வைத்துச் சொந்தப் பெயரில் வதிவிடம் கேட்கலாம். கிடைக்கும் என்று உறுதி இல்லை. கடிதம் இல்லாவிட்டால் கேட்கவே முடியாது.

ஸ்ரீஸ்கந்தராசா மாட்டேன் என்றார். பதினொரு நாள் மாட்டேன் என்றார். தர்மிளாவோடு பேசுவதையும் நிறுத்திவிட்டார். அவளுக்குச் சொல்லவேண்டியதைத் தோசைக்கல்லைப் பார்த்துச் சொன்னார்.

பன்னிரண்டாம் நாள் காலை, கடை திறக்குமுன், அவள் கல்லாவுக்கு எதிரில் போய் நின்றாள்.

"அண்ணை, எனக்கும் ஒரு கடிதம் வேணும்."

"என்ன கடிதம்?"

"சாரதாதேவி எண்ட பேரிலை மூண்டு வருஷம் இஞ்சை வேலை செய்தது நான்தான் எண்டு. குர்சரண்ரை கடிதத்தோடை ரெண்டையும் ஒண்டா வதிவிடக் கந்தோரிலை கொண்டுபோய்க் குடுக்கப்போறன்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "உனக்கு விசரோ? வாற கிழமை எல்லோ உன்ரை நேர்காணல்?"

"ஓம். வெள்ளிக்கிழமை."

"கேட்டால் என்ன சொல்லுவாய்?"

"கேட்டால் உள்ளதைச் சொல்லுவன். எனக்குப் பொய் அலுத்துப்போச்சுது அண்ணை."

வெளியே ஒரு மரக்கறி லொறி வந்து ஹோர்ன் அடித்தது. அவர் போகவில்லை. லொறிக்காரன் மறுபடி அடித்தான். ஸ்ரீஸ்கந்தராசா லாச்சியைத் திறந்து, கடையின் பெயர் அச்சிட்ட தாள் ஒன்றை எடுத்து, மேசையில் வைத்துக் கையால் நீவினார்.

"உன்ரை கடிதத்தைப் பிறகு பாப்பம். கேக்காத ஆளுக்கு நீயாப் போய்ச் சொல்லாதை" என்றார். பேனாவைத் திறந்தார். முதல் வரியில் கடையின் பெயரையும் தன் பெயரையும் எழுதினார். பிறகு நிறுத்திவிட்டு, அவளை நிமிர்ந்து பாராமலே கேட்டார்.

"சிங்கின்ரை சொந்தப் பேர் என்னெண்டு சொன்னனீ? எழுத்துக் கூட்டிச் சொல்லு."

அவள் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். அவர் எழுதினார்.