கறுப்புக்குள் இருப்பது

பழைய டிவி இருண்டுவிட்டது என்று முதலில் சொன்னவள் நிகத். கோடைக்கு முன்பே சொல்லத் தொடங்கிவிட்டாள். சீரியலில் இரவுக் காட்சி வந்தால் ஆள் எது, சுவர் எது என்று தெரியவில்லை. திரையின் ஓரமெல்லாம் மங்கல். கணவன் மொஹ்சின் உற்றுப் பார்த்துவிட்டு, "எனக்கு நல்லாத்தான் தெரியுது" என்றான். ஆனாலும் புது டிவி வாங்கச் சம்மதித்தான். துணியில் ஒரு நூல் நிறம் மாறி ஓடினாலும் கண்டுபிடிக்கிறவள் அவள். அவள் கோளாறு என்றால் கோளாறுதான் என்பது அந்த வீட்டில் எழுதாத சட்டம்.

போன வாரம் அவள் ஸ்கூட்டர் ஒரு தள்ளுவண்டியில் உரசியபோதும், விளக்கில்லாமல் நிறுத்தியவனைத்தான் அவள் திட்டினாள். அதையும் எல்லோரும் நம்பினார்கள்.

இன்று மொஹ்சின் இரும்புலியூரில் இருக்கும் தன் ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலிருந்து நேராகத் தாம்பரம் ஷோரூமுக்கு வந்துவிட்டான். நிகத் மகள் ஜஹீராவை ஏற்றிக்கொண்டு கீழ்க்கட்டளையிலிருந்து ஸ்கூட்டரில் வந்தாள்.

பக்கத்துப் பக்கத்தில் இரண்டு டிவிகள். விற்பனையாளன் விக்கி நடுவில் நின்றுகொண்டான்.

"இது ஓலெட் மேடம். ஒவ்வொரு புள்ளியும் தானா எரியும். கறுப்பு வேணும்னா அந்த எடத்துல அப்படியே அணைஞ்சிடும். இது மினி எல்இடி. பின்னாடி ஆயிரக்கணக்குல குட்டி குட்டி லைட்டு கீது. வெளிச்சம் அள்ளும். ஆனா கறுப்புல ஓலெட்டை அடிச்சிக்க முடியாது."

"அவகிட்ட சொல்லுங்க. கண்ணு சமாச்சாரம் எல்லாம் அவ டிபார்ட்மெண்ட்," என்றான் மொஹ்சின். "இவங்க அத்தா பல்லாவரத்துல துணிக்கடை வச்சிருந்தாரு. அதே கண்ணு."

விக்கி மேலே எரிந்த விளக்குகளை அணைத்துவிட்டு, ஓலெட்டில் ஒரு படத்தை ஓடவிட்டான். காட்டுக்குள் இரவு என்றான். நிகத் காத்திருந்தாள். படம் இன்னும் தொடங்கவில்லை என்று நினைத்தாள்.

"அம்மா, அது நம்மளையே பாக்குது." ஜஹீரா அவள் கையைப் பிடித்தாள்.

"எது?"

"கருஞ்சிறுத்தை. மரத்துக்குக் கீழ. வாலை ஆட்டுது பாரு."

"மீசையைக்கூட எண்ணலாம் பாப்பா," என்றான் விக்கி.

நிகத் குனிந்து பார்த்தாள். வெறும் கறுப்பு.

"இந்த பீஸ் சரியில்ல. எங்க பழைய டிவி மாதிரியே இருக்கு."

"இன்னா மேடம், காலைலதான் பெட்டிய பிரிச்சோம்," என்று சிரித்தான் விக்கி. ஆனாலும் சலிக்காமல் அடுத்த வரிசைக்கு அழைத்துப்போனான். வேறு கம்பெனி, இன்னும் பெரிய ஓலெட். அதே காடு. மொஹ்சின் வாய்விட்டு வியந்தான். "இலை ஆடுறதுகூடத் தெரியுதுல்ல?"

"ம்," என்றாள் நிகத்.

அத்தாவின் நினைவு வந்தது. அவள் தகப்பனார் அப்துல் கஃபார், வீட்டில் பல்பு மாற்றிக்கொண்டே இருப்பார். நாற்பது வாட்ஸ் அறுபதானது, அறுபது நூறானது. 'கம்பெனிக்காரன் ஏமாத்துறான், வெளிச்சமே இல்ல' என்பார். ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு அவருக்கு பல்பை எடுத்துக் கொடுப்பது சிறுமி நிகத்தின் வேலை. அம்மா கண் கூசிச் சமைப்பாள். கடைசியில் அந்த நூறு வாட்ஸ் பல்புக்குக் கீழேயே உட்கார்ந்து, தட்டைக் கையால் தடவித் தேடினார். எப்போது ஆரம்பித்தது என்று டாக்டர் கேட்டபோது யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. இப்போது அவளுக்குத் தெரிந்தது.

சின்ன வாக்கியம்தான். 'எனக்குத் தெரியலங்க.' அதை வாய்க்குள் வைத்துப் பார்த்தாள். சொன்னால் ஸ்கூட்டர் சாவி போகும். காலையில் மகளைப் பள்ளியில் விடுவது போகும். பிறகு எந்தக் கோளாறையும் அவள் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். எல்லாவற்றையும்விட, இங்கே, இந்த நிமிடத்தில், அது உண்மையாகிவிடும்.

"எதைச் சொல்ற நிகத்?"

அவள் மினி எல்இடியைக் காட்டினாள். "அதுதான். வெளிச்சம் நல்லா இருக்கு."

தன் குரலில் அத்தா பேசியது போலிருந்தது.

"கறுப்பைப் பாத்துட்டுமா மேடம்?" விக்கிக்கு ஏமாற்றம். "சரி, ஃபுல் பிரைட்னஸ் வச்சிடாதீங்க. கண்ணு பேஜாராயிடும்."

வெளியே வந்தபோது அந்தித் தொழுகைக்கான மக்ரிப் பாங்கு கேட்டது. மொஹ்சின், "பாத்துப் போ" என்று சொல்லிவிட்டுக் கடைக்குக் கிளம்பினான். அவன் முதுகு கூட்டத்தில் மறையும் முன்பே அவளுக்கு மறைந்துவிட்டது. ஹெட்லைட்டுகள் தெரிந்தன. அவற்றுக்கு இடையில் இருந்ததெல்லாம் அணைந்திருந்தது.

அவனைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை.

"ஜஹீரா, ஒரு விளையாட்டு. இடது பக்கம் என்ன வந்தாலும் சொல்லிக்கிட்டே வா."

"எதுக்கு?"

"சும்மா. பேச்சுத் துணைக்கு."

சாயங்காலங்களில் சிறுமி நிகத்தின் கையைப் பிடித்துக்கொண்டு கடைக்குப் போகும்போது அத்தாவும் அப்படித்தான் சொல்வார்.

ஸ்கூட்டர் மெல்ல நகர்ந்தது. மகளின் கைகள் இடுப்பை இறுக்கின. "பழக்கடை," என்றாள் ஜஹீரா. "நாய். பெரிய நாய். ஷேர் ஆட்டோ நிக்குது." அவளுக்கு விளையாட்டு பிடித்துவிட்டது. மேடவாக்கம் ரோட்டில் தெருவிளக்கு எரியாத இடம் வந்தது.

"அம்மா, ஒரு ஆள்."

நிகத் பிரேக்கைப் பிடித்தாள். இடது பக்கம் திரும்பிப் பார்த்தாள். வெறும் கறுப்பு.

"எங்க?"

"இங்கதாம்மா," என்றாள் ஜஹீரா. குரலில் விளையாட்டு இல்லை. "உன் கைக்குப் பக்கத்துல. உன்னையே பாக்குறாரு."