மான் விழுந்தால் டிக்கெட்

நான் சொல்லப்போவதில் ஓர் எழுத்துக்கூடப் பொய் இல்லை. கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்வேன். நண்பன் கிறிஸ்தவன் என்பதால் பைபிள் மேலும் கை வைப்பேன்.

நண்பன் பெயர் சுவிசேஷமுத்து. கிழக்குத் தாம்பரத்தில் எனக்கு எதிர்வீடு. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். அவனுடைய ஒரே மகன் ஜாய்சன் அமெரிக்காவில். அங்கே குளிர் தொடங்கினால் ஆட்கள் வில்லைத் தூக்கிக்கொண்டு மான் வேட்டைக்குப் போய்விடுவார்களாம். அரசாங்கமே அனுமதிச் சீட்டு கொடுக்கும். ஊருக்கு எப்போதுடா வருகிறாய் என்று கேட்டதற்கு ஜாய்சன் போனில் சொன்னான்: "ஒரு மான் விழட்டும்ப்பா. விழுந்த அன்னிக்கே டிக்கெட் போட்டுடறேன்."

சுவிசேஷமுத்துவின் இதயம் பாதிதான் வேலை செய்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்த நேரம் அது. ஆகவே மான் சீக்கிரம் விழவேண்டியிருந்தது.

ஜாய்சனிடம் இருந்தது காம்பவுண்ட் வில். இரண்டு முனையிலும் சக்கரம் வைத்தது. என்ன சக்கரம் வைத்தாலும் மான் பக்கத்தில் வந்தபிறகு கையால்தான் நாணை இழுக்கவேண்டும். அந்த அசைவில் மான் ஓடிவிடும். குறுக்குவில் அப்படியில்லை. நாணை முன்பே இழுத்து மாட்டிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். மான் வந்ததும் துப்பாக்கி மாதிரி விசையைத் தட்டினால் போதும். இதையெல்லாம் சுவிசேஷமுத்து யூடியூபில் பார்த்துவிட்டு டீக்கடையில் எனக்குப் பாடம் எடுத்தான்.

"குறுக்குவில்லுன்னா முதல் வாரத்துலயே அடிச்சிடலாம்டா ஏகநாதா. கிறிஸ்மஸுக்கு இங்க இருப்பான்."

"அது சோம்பேறி வில்லுடா. உன் புள்ள கையால இழுக்கட்டும்."

"கொசு அடிக்கவே கரண்ட் பேட்டு வச்சிருக்கிறவன், பேச வந்துட்டான்."

ஜாய்சனும் ஒத்துக்கொள்ளவில்லை. குறுக்குவில் எடுத்தால் கூட்டாளிகள் சிரிப்பார்களாம்.

கிழவன்கூட அதில் குறி அடிக்கலாம் என்று மகனுக்குக் காட்ட, சுவிசேஷமுத்து பழைய ஜீப்பின் ஸ்பிரிங் பட்டையிலும் ஸ்கூட்டர் கிளட்ச் ஒயரிலும் ஒரு குறுக்குவில் செய்தான். ஃபிரிட்ஜ் வந்த அட்டையில் மான் வெட்டி மொட்டைமாடியில் நிறுத்தினோம். நான் வீடியோ எடுக்க, அவன் விசையைத் தட்டினான். அம்பு மானின் காதுக்கு மேலே போய், நாலு தெரு தாண்டி, வேளச்சேரி ரோட்டில் மேடவாக்கம் போய்க்கொண்டிருந்த தண்ணீர் லாரியைத் துளைத்தது. ஜனங்கள் குடத்தோடு ஓடினார்கள். டிரைவர் அங்கிருந்தே கத்தியது எங்களுக்குக் கேட்டது: "யோவ் பெர்சு, மேல இன்னாய்யா வச்சிக்கினு கீறே?"

மறுநாள் காலை அவன் வீட்டு கேட்டருகே ஒரு புள்ளிமான். நன்மங்கலம் காட்டிலிருந்து விலாசம் விசாரித்து வந்திருக்கவேண்டும். வில்லுக்கு வாகாகப் பக்கவாட்டில் திரும்பி நின்றது. அவன் மனைவி ஹில்டா முருங்கைக்கீரை போட்டாள், தொடவில்லை.

சுவிசேஷமுத்து வில்லை எடுக்காமல் இறங்கி வந்தான். படிக்கட்டில் நின்று நின்று மூச்சு வாங்கினான். மானின் முதுகைத் தடவிக்கொடுத்தான்.

"இங்க நிக்காதம்மா. எம் புள்ள முன்னாடி போய் நில்லு. கொஞ்சம் கிட்டவே நில்லு, அவனுக்குக் குறி பத்தாது."

மான் தலையாட்டிவிட்டு ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு நடந்தது. விமான நிலையம் இருப்பது வடக்கே. மான் தெற்கே திரும்பியது. நான் திருத்தவில்லை.

அதற்கப்புறம் போனில் மகனிடம் அவனுக்கு ஒரே கேள்விதான். "மான் வந்துச்சாடா?" வாசலில் கிறிஸ்மஸ் நட்சத்திரம் கட்டினார்கள். அது எரிந்துகொண்டிருக்கும்போதே ஒரு விடியற்காலை சுவிசேஷமுத்து போய்விட்டான்.

ஐஸ் பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. இன்னும் ஒருநாள் வைத்துப் பார்க்கலாமா என்று ஹில்டாவைக் கேட்டேன்.

"வேணாம்ணா. அவன் வரமாட்டான். எடுக்கச் சொல்லுங்க."

கல்லறைத் தோட்டத்தில் போதகர் என் காதருகே குனிந்தார். "பையன் வரலையா?"

"மான் சீசன் ஐயா" என்றேன்.

ஹில்டா என்னைப் பார்த்தாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஆமா ஐயா, மான் சீசன்" என்றாள்.

நான் ஒரு பிடி மண் போட்டேன். மகன் போடவேண்டியதையும் சேர்த்து இன்னொரு பிடி போட்டேன்.

ஜாய்சன் குடியிருப்பது பெருங்களத்தூரில், தாம்பரத்துக்குத் தெற்கே அடுத்த ஸ்டேஷன்.