மூலையில் பாய் போடாதே

தடாரென்று ஒரு சத்தம். அதன் பிறகு கொஞ்ச நேரம் எந்தச் சத்தமும் இல்லை.

குழந்தைகள் காப்பகத்தில் சத்தம் கேட்டால் பயப்பட ஒன்றுமில்லை. சத்தம் நின்றுபோனால்தான் பயப்பட வேண்டும். டீச்சரம்மா பேனாவைப் போட்டது போட்டபடி ஓடினாள். அவள் பாடம் நடத்தி வருஷக்கணக்காகிறது. இப்போது காப்பகத்தின் பொறுப்பாளர். ஆனாலும் தபால்காரர் முதல் தவழும் பிள்ளை வரை எல்லோருக்கும் அவள் டீச்சரம்மாதான்.

தூங்கும் அறை முழுக்க வெள்ளைத் தூசி. பாய்களில் எழுந்து உட்கார்ந்திருந்த பிள்ளைகள் அவளைக் கண்டதும், அதற்காகவே காத்திருந்தது போல ஒன்றாக அழ ஆரம்பித்தார்கள். ஜன்னலோர மூலையில் கூரையின் சிமென்ட் காரை பாளம் பாளமாகப் பெயர்ந்து கிடந்தது. அதன் அடியில் ஆயா குப்புறக் கிடந்தாள். அவளுடைய இடுப்போடு ஒட்டிக்கொண்டு, மேலெல்லாம் தூசியாக, உருளை உட்கார்ந்திருந்தாள். வாசல் பக்கத்துப் பாயில் படுக்க வைத்தால் எதிர்ச்சுவர் ஓரத்தில் கண்விழிக்கும் பிள்ளை அது. அதனால்தான் அந்தப் பெயர். ஒரு கீறல்கூட இல்லை.

டீச்சரம்மா தலைகளை எண்ணினாள். சரியாக இருந்தது. நம்பிக்கையில்லாமல் மறுபடி எண்ணினாள்.

"பிள்ளைங்க?" என்றாள் ஆயா, முகத்தைத் திருப்பாமலே.

"எல்லாம் நல்லா இருக்கு. நீ அசையாதே."

சமையல்காரம்மா ஓடிவந்து, தெருவில் போன வாடகை வண்டியை நிறுத்தி, ஆயாவைக் கைத்தாங்கலாக ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். போகிற அவசரத்திலும் அவளால் வாயை அடக்க முடியவில்லை. "தூங்குமூஞ்சி, தூங்குமூஞ்சின்னு அடிச்சுக்கிட்டேன். கேட்டாளா?"

அந்தப் பட்டப்பெயர் ஒரு மாதமாகத்தான். மழை தொடங்கியதிலிருந்து ஆயாவுக்கு ஒரு புதுப் பழக்கம். பிள்ளைகளைத் தட்டித் தூங்க வைத்துவிட்டு, முன்பெல்லாம் துணி மடிப்பாள், பால்புட்டி கழுவுவாள். இப்போதோ அந்த மூலையில் நீட்டி நிமிர்ந்து படுத்துவிடுவாள். டீச்சரம்மா ஒருநாள் எல்லோர் எதிரிலும் கடிந்துகொண்டாள். படுக்கத்தான் சம்பளமா என்றுகூடக் கேட்டுவிட்டாள். கால் வலிக்கிறது என்று முனகினாள் ஆயா. மறுநாளும் அதே இடத்தில் படுத்தாள்.

டீச்சரம்மா தூசியைக் கூட்டி அள்ளினாள். அந்தக் காரை எப்படி விழுந்தது என்று ஊருக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும்.

கட்டடத்தைப் புதுசாக்க வேண்டும் என்று அவள் அப்படி ஏங்கியிருந்தாள். லாப நோக்கமில்லாத காப்பகம், நன்கொடையில் ஓடுகிறது. தையல் ஆலைக்கும் ஆஸ்பத்திரி வேலைக்கும் போகிற தாய்மார்கள் கொடுக்கிற கட்டணம் பாலுக்கே பற்றாது. இந்த வருஷம்தான் அரசாங்கம் இப்படிப்பட்ட காப்பகங்களைச் சீரமைக்க மானியம் அறிவித்தது. புதுக் கூரை, பிள்ளைகள் உயரத்துக்குக் கழிப்பறை, வழுக்காத தரை. டீச்சரம்மா கனவில்கூடக் குட்டிக் குட்டிக் கைகழுவும் தொட்டிகளைத்தான் கண்டாள். ஆனால் கேட்டவர்களோ ஏராளம். இன்ஜினியர் நேரில் வந்து பார்த்து, எங்கே சேதம் அதிகமோ அங்கே முதலில் என்று ஏற்பாடு. ஒப்புதல் கிடைக்குமுன் வேலையைத் தொடங்கினால் ஒன்றுமே கிடையாது என்று ஒரு விதி வேறு.

போன மாதம், முதல் மழையில் மூலை ஊறி உப்பியபோது, அவளுடைய அத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை சிமென்ட் மூட்டையோடு வந்து நின்றார். கொத்தனார்; கூலி பேசி வரவில்லை, மைத்துனிக்காக வந்தார். தொங்குகிற காரையைத் தட்டி எடுத்துவிட்டு அரைநாளில் பூசிவிடலாம் என்றார்.

"வேணாம் அத்தான். இன்ஜினியர் வந்து பார்த்துட்டுப் போகட்டும். இப்ப பூசிட்டா, நல்லாத்தானே இருக்குன்னு போயிடுவாரு."

அத்தான் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "வலி இருந்தாதான் டாக்டர் நம்புவாருன்னு மருந்து சாப்பிடாம உட்கார்ந்திருக்கிற ஆளும்மா நீ." மூட்டையைத் திரும்பத் தோளில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

அந்த மூலையில் யாரும் பாய் போடக்கூடாது என்று மட்டும் மறுநாள் சொல்லி வைத்தாள். ஏன் என்று சொல்லவில்லை. ஆயா தலையாட்டினாள். டீச்சரம்மாவின் மனசாட்சிக்கு அந்தத் தலையாட்டல் போதுமானதாக இருந்தது. ஆயாவே அங்கே படுத்தபோதும், ஏன் என்று கேட்டுவிடுவாளோ என்று இடத்தைப் பற்றி அவள் பேச்செடுக்கவில்லை.

விஷயம் கேள்விப்பட்டு இன்ஜினியர் அன்று மாலையே வந்துவிட்டார். பென்சிலைக் காதில் செருகிய இளைஞர். நாற்காலி போட்டு ஏறி மிச்சக் காரையைத் தட்டிப் பார்த்தார். எல்லாக் கோணத்திலும் படம் எடுத்தார். இறங்கி, கைத்தூசியைத் தட்டிக்கொண்டே கேட்டார்.

"இது விழும்னு முன்னாடியே ஏதாவது தெரிஞ்சுதாம்மா?"

"இல்ல சார். திடீர்னுதான்."

எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது அந்தப் பொய். இந்த நிலைமையில் உங்கள் காப்பகத்துக்குத்தான் முதல் இடம் என்று சொல்லிவிட்டுப் போனார் இன்ஜினியர். போனில் சேதி கேட்ட தலைவர், காப்பகத்தை நடத்தும் சங்கத்தின் தலைவர், துள்ளிக் குதிக்காத குறை. கூரையைப் பிய்த்துக்கொண்டு கொட்டியிருக்கிறது என்றார். தான் சொன்னதன் பொருள் அவருக்கே உறைத்திருக்க வேண்டும், ஒருமுறை கனைத்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார். ஆயா வேலை நேரத்தில் தூங்கினாள், வேண்டாமென்று சொன்ன இடத்தில் போய்ப் படுத்தாள் என்று அறிக்கையில் எழுதிவிட்டால் சங்கத்தின் மேல் பழி வராது, அவளை நிறுத்திவிட்டு வேறு ஆளைப் போட்டுக்கொள்ளலாம் என்றார்.

யோசித்துச் சொல்கிறேன் என்று டீச்சரம்மா போனை வைத்தாள். பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த தாய்மார்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார்கள். உருளையின் அம்மாவோ, நீங்கள் இருக்கிற தைரியத்தில்தான் நான் வேலைக்குப் போகிறேன் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். டீச்சரம்மாவுக்கு அந்தக் கையை உதறிவிட்டு எங்காவது ஓடிவிடலாம் போலிருந்தது. கன்னத்தில் அறைந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம், ஆயாவிடம் என்ன சொல்வது என்று கோத்துக்கொண்டே போனாள். கோத்ததெல்லாம் அவிழ்ந்தது. வார்டுக்கு வெளியே, மருந்து நாற்றமடிக்கும் நடையில் நின்று இன்ஜினியருக்குப் போன் போட்டாள். மூலை உப்பியது, அத்தான் வந்தது, தான் திருப்பி அனுப்பியது, மாலையில் சொன்ன பொய், ஒன்றையும் விடாமல் சொன்னாள்.  

"வேலையத் தொடங்கக் கூடாதுன்னா புதுக் கூரை போடக் கூடாதுன்னு அர்த்தம்மா," என்றார் இன்ஜினியர். "தொங்கற காரையத் தட்டி எடுக்க யாரு வேணாம்னாங்க? ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

 இதை எழுதாமல் விட முடியாது, எழுதினால் இந்த முறை மானியம் கைவிட்டுப் போகலாம் என்றார் அவர். எழுதுங்கள் என்றாள். தலைவருக்கும் போன் போட்டு, ஆயாவின் பெயர் அறிக்கையில் வராது, என் பெயர்தான் வரும் என்று சொன்னாள். அவர் போனை வைத்த வேகம் காதில் அறைந்தது. அடுத்து அத்தானுக்கு. காலையில் சிமென்ட்டோடு வருவதாகச் சொன்னார். வேறு எதுவும் கேட்கவில்லை.

கனவுத் தொட்டிகள் போய்விட்டன. ஆனாலும் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த கல் கொஞ்சம் நகர்ந்த மாதிரி இருந்தது. இனி ஆயாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டால் போதும் என்று நினைத்துக்கொண்டே வார்டுக்குள் நுழைந்தாள்.

ஆயாவுக்குத் தோளோடு சேர்த்துக் கட்டுப் போட்டிருந்தார்கள். டீச்சரம்மாவைப் பார்த்ததும் சிரித்தாள். "பார்த்தீங்களா, இப்ப டாக்டரே படுக்கச் சொல்லிட்டாரு. இனிமே நீங்க திட்ட முடியாது."

டீச்சரம்மாவால் சிரிக்க முடியவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். ஆயா ஆச்சரியப்படவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை அத்தான் மூட்டையோடு திரும்பிப் போனதைத் தெருமுனையில் பார்த்ததாகவும், அவரே புலம்பிவிட்டுப் போனதாகவும் சொன்னாள். புதுக் கூரை வந்தால் நல்லதுதானே, அதனால் வாயைத் திறக்கவில்லை என்றாள்.

"தெரிஞ்சுமா அங்கேயே படுத்தே?" டீச்சரம்மாவின் குரல் உடைந்தது. "கால் வலின்னா படுக்க வேற இடமா இல்ல?"

ஆயா கட்டுப் போடாத கையால் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"எனக்கு ஏது டீச்சரம்மா கால் வலி? மூலையில பாய் போடாதேன்னீங்க, போடல. தூக்கத்துல உருண்டு வர்ற பிள்ளைங்களுக்கு அது தெரியுமா, அதான் குறுக்கால நான் படுத்துக்கிட்டேன்."