அடக்கம் அக்காவின் நேரலை

ஊருக்கெல்லாம் என் அக்கா ‘அடக்கம் அக்கா’. நாலு லட்சம் பேர் பின்தொடரும் அவளுடைய வீடியோக்களில் ஒரே பல்லவிதான்: பெண்ணுக்கு வேலை எதற்கு, வீட்டில் ஆண் சொல்வதே முடிவு. படம் பிடிப்பது நான். விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பது அத்தான். அக்கா எடுத்து வைக்காமல் சட்டைகூடப் போட்டுக்கொள்ளத் தெரியாத தங்கமான மனிதர். இந்தக் கூத்தை நானும் ரசித்துக்கொண்டுதான் இருந்தேன், வினை என் தலையில் விடியும்வரை.

வெளியூரில் லிப்ட் மெக்கானிக் வேலைக்கு எனக்கு ஆர்டர் வந்தது. இரண்டு வருடம் கிரீஸும் கையுமாகப் பயிற்சி எடுத்து வாங்கியது. திங்கட்கிழமை சேர வேண்டும். அப்பா கடிதத்தைப் படித்தார், மடித்தார், தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“உங்க அக்காவே சொல்றா, பொண்ணுக்கு வேலை எதுக்குன்னு. நாலு லட்சம் பேர் கேக்கறாங்க, நான் கேக்கக் கூடாதா?”

அக்காவிடம் போய் அழுதேன்.

“அது வீடியோவுக்குச் சொன்னதுடி” என்றாள்.

“அதை அப்பாகிட்ட சொல்லு.”

வாயைத் திறக்கவில்லை மகராசி. குட்டு உடைந்துவிடுமே! எனக்கு வந்த ஆத்திரத்தில் கேமராவைப் போட்டு உடைக்கலாம் போலிருந்தது.

ஞாயிறு காலை நேரலை. தலைப்பு, ‘கணவர் சொல்லே வேதம்’. அக்கா பொழிந்து தள்ளிக்கொண்டிருந்தாள். மூலையில் நாற்காலி போட்டுக் கேட்டுக்கொண்டிருந்த அப்பாவுக்கு என்ன தோன்றியதோ, எழுந்து கேமரா முன்னால் வந்துவிட்டார்.

“அப்ப இதையும் மாப்பிள்ளையே முடிவு பண்ணட்டும். சொல்லுங்க மாப்பிள்ளை, சின்னவளை வேலைக்கு அனுப்பலாமா, வேண்டாமா?”

கேமராவை அத்தான் பக்கம் திருப்பினேன். எட்டாயிரம் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தான் விளக்குக் கம்பத்தை இறுகப் பிடித்துக்கொண்டு தொண்டையைச் செருமினார்.

“ஒரு நிமிஷம் மாமா. என் வீட்டுக்காரியைக் கேட்டுச் சொல்றேன்.”

அக்கா முகத்தை இறுக்கிப் பார்த்தாள். முடியவில்லை. குபீரென்று சிரித்தவள் நாற்காலியிலிருந்து சரிந்தே விட்டாள். அப்பாவுக்கும் தோள் குலுங்கியது.

“சொல்லித் தொலையேன்டி, மாப்பிள்ளை கேக்கறாரு இல்ல?”

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். “போகட்டுங்க. நல்லா வருவா.”

அத்தான் நெஞ்சை நிமிர்த்தினார். “போகட்டும் மாமா. இதுதான் என் முடிவு.”

அப்பா சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்து என் கையில் கொடுத்தார். நான் அத்தானைக் கட்டிப்பிடித்ததில் விளக்கு சாய்ந்து அணைந்தது.

திங்கட்கிழமை, பதினான்காவது மாடி லிப்ட் மோட்டாரின் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்தபடி போனைத் திறந்தேன். அக்காவின் புது வீடியோ. படம் கோணலாக இருந்தது, பாதியை அத்தானின் கட்டை விரல் மறைத்திருந்தது.

“பாத்தீங்க இல்ல? எங்க வீட்ல அவர் சொன்னா சொன்னதுதான்!”

கிரீஸ் விரலால் முதல் கருத்தை நானே எழுதினேன்: ‘அத்தானுக்கு என் நன்றி. ஏற்றுக்கொள்ளலாமா என்று அக்காவைக் கேட்டுக்கொள்ளட்டும்.’