ஆறிய ஜாடி

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை திருட்டு. பிளாஸ்மா ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் என் அண்ணி, சாப்பிட்டுக்கொண்டே சொன்ன ஒரு வரியை அப்படியே அமுக்கிக்கொண்டேன். "எரிஞ்சது சூட்டுனால இல்ல தம்பி, காத்துனால."

(முதல் தொடக்கம்: "சூரியனைக் குப்பியில் அடைத்தவள்..." அடித்துவிட்டேன். படித்தால் அண்ணி விழுந்து விழுந்து சிரிப்பாள்.)

2

உள்ளதைச் சொல்கிறேன். ஆர்கான் வாயுவில் மின்சாரம் பாய்ந்து சுடர் எழுகிறது; அதுதான் பிளாஸ்மா. பத்தாயிரம் டிகிரி, சூரியனின் மேற்பரப்பே அதில் பாதிதான். அதற்குள் இரும்பையும் கோபால்ட்டையும் தூவினால், இரண்டும் ஆவியாகிக் கலந்து, கண்மூடித் திறப்பதற்குள் குளிர்ந்து, கரித்தூள் போல வடிகட்டியில் படிகின்றன. ஒரு தலைமுடியின் குறுக்கே ஆயிரம் துகள்களை வரிசையாக நிறுத்தலாம். பதினோரு வருடம் பார்த்த பிறகும் சுடரைக் காட்டும் கண்ணாடிச் சன்னல் முன் அண்ணிக்கு வாயடைத்துப்போகும். எழுதும்போது எனக்கும் அதே கதிதான். அந்தச் சுடரின் நிறம்

(விட்டுவிட்டேன். ஊதா என்றால் பொய்யாகிவிடும்.)

3

ஏழு மாதம் போக்குக் காட்டிய கலவை, கடைசியில் இரண்டு ஜாடி தேறியது. கூடத்தை நடத்துவதா மூடுவதா என்று முடிவு செய்ய இருவர் அன்று மாலை வருவதாக இருந்தது.

காலையில் அண்ணி முதல் ஜாடியைத் தொட்டுப் பார்த்தாள். சில்லென்றிருந்தது. ஆறிவிட்டதே என்று மூடியைத் திறந்தாள்.*

தூள் ஓரத்தில் சிவந்தது. சிவப்பு மெல்ல நடுவுக்கு நகர்ந்தது. சத்தமே இல்லை. அலற வேண்டியவள் பிரமித்து நின்றாள். ஏழு மாதத்தில் பாதி அவள் கண்ணெதிரே துருவாகிப்போனது.

* இத்தனை வருட அனுபவக்காரி இப்படிச் செய்வாளா? எனக்கும் சந்தேகம்தான். அதற்கு முன் செய்ததெல்லாம் பருமனான தூள், ஆறினால் போதும். இவ்வளவு பொடியான தூளுக்குக் காற்றைத் துளித்துளியாக, எட்டு மணி நேரம் காட்ட வேண்டும். அதற்குள் ஒவ்வொரு துகளும் தனக்கொரு மெல்லிய துருத்தோல் போட்டுக்கொள்ளும், பிறகு எரியாது. "தெரியும் தம்பி. ரெண்டும் ஒண்ணாக் கலந்திருக்கான்னு பாக்குற ஆசையில மறந்துட்டேன்" என்றாள்.

4

இரண்டாவது ஜாடிக்குக் காற்று விடும் வால்வை அவள் துளி திறந்தபோது மணி பத்து. மூன்றுக்கே அந்த இரண்டு விருந்தாளிகளும் வந்துவிட்டார்கள். முதுகுக்குப் பின்னால் எல்லோரும் 'அவசரம்' என்று கூப்பிடும் கூடத் தலைவர் உள்ளே ஓடி வந்தார்.

"இன்னும் கொஞ்சம் திறந்து விடும்மா. அவங்க அஞ்சு மணிக்குக் கிளம்பணுமாம்."

"ஆறு மணி ஆகும் சார்."

"கூடத்த மூடிட்டா எல்லாரும் வீட்டுல உக்கார வேண்டியதுதான்."

"இது எரிஞ்சாலும் அதேதான் சார்."

5

முடிவு ஒன்று: அவர் வால்வைத் திருகுகிறார், தூள் சிவக்கிறது. (ஏற்கெனவே ஒரு ஜாடியை எரித்துவிட்டேன். மனம் வரவில்லை.)

முடிவு இரண்டு: எல்லோரும் காத்திருந்து கைதட்டுகிறார்கள். (எனக்கே திகட்டியது.)

நடந்ததை அண்ணியிடம் கேட்டிருக்கலாம். அதுவும் எரிந்திருக்குமோ என்ற பயத்தில் கேட்கவில்லை. ஒன்று மட்டும் தெரியும்: அவள் இரண்டு நாற்காலிகளை இழுத்து ஜாடியின் முன் போட்டாள்.

"உக்காருங்க. உள்ள இருக்கறது இப்பத்தான் காத்தோட பழகுது."

மணி நாலே முக்கால். கண்ணாடிக்குள் தூள் கறுப்பாக, அசையாமல் கிடக்கிறது. ஒருவர் உட்கார்ந்துவிட்டார். இன்னொரு நாற்காலி உங்களுடையது. இன்னும் ஒன்றேகால் மணி நேரம் இருக்கிறது. அண்ணி உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.