பவுல்சாமிக்குக் கொடுத்த வியாதி

1

இந்தக் கதை ஒரு மூத்திர சீசாவில் பிறந்தது என்று சொன்னால் முகம் சுளிப்பீர்கள். சுளித்துக்கொள்ளுங்கள். லஸ் முனையில் டாக்டர் மெஹபூப் அலியின் மருந்தகத்தில், அதைச் செய்தித்தாளில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டாக்டர் அதிலிருந்து சில சொட்டு எடுத்து, குழாயில் இருந்த நீல மருந்தில் விட்டு, விளக்கில் காட்டினார். நீலம் பச்சையானது, மஞ்சளானது, கடைசியில் செங்கல் நிறத்துக்கு வந்து நின்றது.

"சக்கரை வியாதி வாத்தியார். பயப்பட வேணாம், ஆனா வெளயாடவும் வேணாம். கண்ணுல வரும், இல்லன்னா கால்ல வரும். அரிசியக் கொறைங்க, இனிப்ப வுடுங்க, தெனம் நடங்க. வாரத்துல ஒரு நாள் வூட்லயே நெறம் பாத்துக்குங்க" என்றார். எந்தக் கிழமை என்று அவர் சொல்லவில்லை.

நான் சாந்தோமில் பள்ளிக்கூட வாத்தியார், பத்திரிகைகளுக்குக் கதையும் எழுதுகிறவன். வீட்டுக்கு வந்ததும், கதை எழுதுகிறவன் செய்யக்கூடியதைச் செய்தேன். வியாதியை இன்னொருவர் தலையில் கட்டிவிட்டேன். அவர் என்ன ஆகிறார் என்று பார்த்துவிட்டு நாம் நடந்துகொள்ளலாமே என்றொரு யோசனை.

2

பவுல்சாமி ஒரு தபால்காரர். வெயில் மழை பாராமல் அடையாறு வரை நடந்தே...

(வேண்டாம். காலுக்கு ஆபத்தான வியாதியைத் தபால்காரருக்குக் கொடுத்தால் மூன்றாம் வரியிலேயே உங்களுக்கு முடிவு தெரிந்துவிடும்.)

பவுல்சாமி அச்சாபீசில் பிழை திருத்துகிறவர். மங்கிய வெளிச்சத்தில் அவருடைய கண்கள்...

(இதுவும் அதே லட்சணம்தான்.)

பவுல்சாமி ஓர் உபதேசியார். கோயிலில் பிள்ளைகளுக்கு ஜெபமும் ஞானோபதேசமும் சொல்லிக்கொடுக்கிறவர். இவர் இருக்கட்டும். இவருக்குக் கண்ணும் காலும் உங்களுக்கும் எனக்கும் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் வேண்டும்.

3

பவுல்சாமிக்கு வியாதி தெரிந்தது விபூதிப் புதனுக்கு முந்தின நாள். மறுநாள் தபசுகாலம் ஆரம்பம். ஒருசந்தி நோன்பு இருந்து பழகிய மனிதர் அல்லவா, பத்தியத்தையும் அதோடு சேர்த்துக்கொண்டார். சர்க்கரையில்லாத காப்பி. இரண்டு வேளையும் கோதுமைக் கஞ்சி. (யுத்தம் முடிந்தும் ரேஷனில் அரிசிக்குப் பதிலாகக் கோதுமையைத்தான் தலையில் கட்டுகிறார்கள். அந்த மட்டில் சர்க்காரே அவருக்கு வைத்தியம் பார்த்தது.) சாயங்காலம் அடையாற்றுப் பாலம் வரை நடை. சனிக்கிழமை தோறும் குழாயைச் சூடு பண்ணிப் பார்ப்பார். நீலம் நீலமாகவே இருக்கும். மார்பில் சிலுவை போட்டுக்கொள்வார்.

ஆனால் தபசுகாலத்து நாற்பது நாளில் ஞாயிற்றுக்கிழமை சேராது. ஆண்டவர் உயிர்த்த நாளில் உபவாசம் கூடாது. வருஷக்கணக்காகப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். ஆகவே ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நேரே ஹபீபுர் ரஹ்மான் மிட்டாய்க் கடை.

"வாங்க உபதேசியாரே! அல்வா இப்பத்தான் எறக்கினேன், சூடா கீது. இன்னா யோசிச்சிக்கினு நிக்கிறீங்க?"

(ரேஷன் காலத்தில் பாய்க்கு அவ்வளவு சர்க்கரை ஏது என்று என்னைக் கேட்காதீர்கள்.)

அவரைத் திருடன் என்று நினைக்க வேண்டாம். அவர் ஒளித்துத் தின்னவில்லை, சட்டப்படி தின்றார். வியாதிக்கு அந்தச் சட்டம் தெரியாது, அவ்வளவுதான். எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது. என்னைப் பற்றிக் கேட்கிறீர்களா? கதை பவுல்சாமியைப் பற்றியது.

4

முதல் முடிவு: கால் கட்டைவிரலில் செருப்புக் கடித்த சின்னப் புண். ஆறவில்லை. கறுத்தது. பெரியாஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே...

(எழுத முடியவில்லை. பேனாவை வைத்துவிட்டு என் கட்டைவிரலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.)

இரண்டாவது: ஆண்டவர் உயிர்த்த பாஸ்குத் திருநாள் வந்தது. தபசுகாலம் முடிந்தது, வியாதியும் முடிந்தது என்று பவுல்சாமி வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, அன்று மாலை...

மூன்றாவது: ஒன்றுமே ஆகாமல் தொண்ணூறு வயதுவரை இருந்தார். பத்திரிகை ஆசிரியருக்கு இது பிடிக்கும். எனக்கு நம்பிக்கை வரவில்லை. எழுந்து நடந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி நடந்தேன்.

5

"இன்னா எழுதிக்கினு இருக்கீங்க?" என்று என் மனைவி அல்போன்சா தாள்களை எடுத்து நின்றபடியே படித்தாள். "இந்த உபதேசியாருக்குப் பொஞ்சாதி இல்லியா?"

"கதைக்குத் தேவைப்படல."

"அதான் இஷ்டத்துக்குத் தின்னுக்கினு திரியறாரு." அடுத்த தாளைப் படித்தாள். அதையே மறுபடியும் படித்தாள். "பூசை முடிஞ்சி போனா பாய் கடையில அல்வா சூடா இருக்கும்னு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"கற்பனை."

அவள் என் வலது கையைப் பிடித்து இழுத்து முகர்ந்து பார்த்தாள். இன்று ஞாயிற்றுக்கிழமை. கையைக் கழுவிவிட்டுத்தான் வந்திருந்தேன். நெய் வாசனை அவ்வளவு சீக்கிரம் போவதில்லை.

கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். கையை விடாமலே அழுதாள்.

"தபசு முடிஞ்சா பாஸ்கு வரும். இந்த வியாதிக்கு எப்போங்க பாஸ்கு? சொல்லுங்க. நீங்கதான் படிச்சவரு."

செங்கல் நிறத்தைப் பார்த்த அன்றுகூட நான் இவ்வளவு பயப்படவில்லை.

6

அடுக்களையில் ஸ்பிரிட் விளக்கு எரிகிறது. குழாயில் நீல மருந்தை அவளே ஊற்றிவிட்டாள். நான் எழுதிக்கொண்டிருக்கும் இந்தத் தாளின் மேல் ஒரு காலி டம்ளரைக் கொண்டுவந்து வைத்திருக்கிறாள்.

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமை, அல்போன்சா. நேத்துதான் பாத்தேனே."

"தெரியும். இனிமே ஞாயித்துக்கிழமதான் பாக்கப் போறோம். எந்திரிங்க."

என்ன நிறம் வரும் என்று எனக்குத் தெரியும். அதை அவள் பக்கத்தில் நின்று பார்க்கப் போகிறாள் என்பதுதான் தாங்கவில்லை. பவுல்சாமியை உங்களிடம் விட்டுவிட்டு எழுந்திருக்கிறேன். அவருடைய கால் இருப்பதும் போவதும் இனி உங்கள் பாடு. என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டால் சொல்வேன்: அவருக்கு முதலில் ஒரு பெண்சாதியைக் கொடுங்கள்.